இரண்டு டப்பா

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கெல்லாம் சுகாதார நிலையத்தின் பின்னறையில் ஸ்டவ் எரிய ஆரம்பித்துவிடும். எடை பார்க்க வந்த கர்ப்பிணிகள் பெஞ்சிலும் தரையிலும் ஜன்னல் மேடையிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நீளக் கரண்டியோடு நிற்பவளுக்கு அலுவலகக் காகிதத்தில் ஊட்டச்சத்து உதவியாளர் என்று பெயர். சுற்றியிருக்கும் நாலு தெருவுக்கும் அவள் கஞ்சி மேடம்.

“பார்லியும் முழுக் கோதுமையும் முந்தின நாளே ஊறணும்,” என்றாள் கஞ்சி மேடம். “ஊறாத தானியத்த எவ்வளவு நேரம் வேகவெச்சாலும் பல்லுக்குத்தான் வேலை. தண்ணி கொதிச்சதும் முதல்ல பார்லி, கோதுமை. சின்னத் தீயில முக்கால் மணி நேரம். ஓட்ஸ் கடைசிலதான். அவசரப்பட்டு முதல்லயே கொட்டினீங்கன்னா பசையாயிடும். அத வெச்சுச் சுவத்துல போஸ்டர்தான் ஒட்டலாம்.”

சிரித்தார்கள். அவள் பாலை ஊற்றினாள். வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைத் தூவினாள். உப்பு ஒரு சிட்டிகை. மூடி வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து, கரண்டியைப் பானையின் நடுவில் நட்டுவிட்டுக் கையை எடுத்தாள். கரண்டி சாயாமல் நின்றது.

“பாத்தீங்களா? கரண்டி நிக்கணும். அதுதான் பதம். கரண்டி சாய்ஞ்சா அது கஞ்சி இல்ல, கழுநீர்.”

ஜன்னல் ஓரத்திலிருந்து இஸ்திரிக்காரம்மா கையைத் தூக்கினாள். ஏழு மாத வயிறு. காலையில் பத்து வீட்டுத் துணியைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறவள். வாய் மட்டும் தேயவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம். இத்தனையும் செஞ்சு இறக்கிட்டா, என் வீட்டுக்காரரு ரெண்டு கிண்ணம் சாப்பிடுவாரு. மாமியாரு ஒண்ணு, கொழுந்தன் ஒண்ணு. நான் பாத்திரம் கழுவுவேன். கழுவற தண்ணியில எவ்வளவு சத்து இருக்குன்னு உங்க சார்ட்டுல போட்டிருக்கா?”

அறையே குலுங்கியது. கஞ்சி மேடத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“சிரிக்க என்ன இருக்கு இதுல? உங்களுக்கு வாய் இல்லையா? எனக்கு ஒரு கிண்ணம்னு எடுத்து வெச்சுக்க யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்? என் வீட்டுல வந்து பாருங்க. என் அண்ணிக்கும் ஆறாம் மாசம் நடக்குது. தினமும் இதே கஞ்சிதான்.”

“குடுத்து வெச்சவங்க,” என்றாள் இஸ்திரிக்காரம்மா.

கொடுத்து வைத்தவள் அந்த நேரத்தில் வீட்டில் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

---

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் கஞ்சி மேடம்தான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் நிற்கும் போட்டோ கூடத்துச் சுவரில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் தொங்கியது. ஒரு கிடங்கு வாசலில் செக்யூரிட்டியாக இருக்கும் அப்பா வாரம் ஒருமுறை அதைத் துடைப்பார். வேறு எதையும் துடைத்து யாரும் பார்த்ததில்லை. சரக்கு லாரியில் மூட்டை ஏற்றும் அண்ணன், “எங்க வீட்டுக் கலெக்டர்” என்று கிண்டல் செய்வான். அந்தக் கிண்டலுக்குள் பெருமை இருந்தது.

படிக்கிற பிள்ளை என்று அவளை யாரும் சமையலறைக்குள் விட்டதில்லை. படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகிற பிள்ளையாகிவிட்டாள். ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுத்தவள், சொந்த வீட்டு அடுப்பை ஒருநாளும் பற்றவைத்ததில்லை. அந்த அடுப்பு மூன்று வருடமாக அண்ணியின் பொறுப்பு.

காலை ஐந்தரைக்கு அண்ணி எழுந்திருப்பாள். ஏழு மணிக்குக் கிண்ணங்கள் வரிசையாக வரும். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, அம்மாவுக்கு, அவளுக்கு. அவள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவாள். அண்ணி எப்போது சாப்பிட்டாள், எதைச் சாப்பிட்டாள் என்பது அவள் பார்த்ததே கிடையாது. மத்தியானச் சோறும் ராத்திரிச் சோறும் அதே வரிசைதான். அந்த வரிசையை யாரும் சட்டமாகப் போடவில்லை. சட்டமாகப் போட்டிருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு காலை அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். அண்ணி கஞ்சியை மேலாக மொண்டு அண்ணன் கிண்ணத்தில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பிடுங்கினாள்.

“என்ன அண்ணி நீங்க. மேல இருக்கறது வெறும் தண்ணி. தானியம் கனம், அடியில போய் உக்காந்துக்கும். அடிவரைக்கும் கரண்டிய விட்டு வாரி எடுங்க. வெயில்ல மூட்டை தூக்கறவனுக்குத் தண்ணியவா குடுப்பீங்க?”

“அப்படியா? எனக்குத் தெரியாதே,” என்றாள் அண்ணி. அன்றிலிருந்து அடிவரை விட்டு வாரித்தான் எல்லோருக்கும் ஊற்றினாள். மகள் சொன்னது அம்மாவுக்கும் பிடித்துப்போனது. “படிச்சவ சொன்னா கேட்டுக்கணும்,” என்று மருமகளிடம் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அண்ணி கர்ப்பமானாள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிலையத்தில் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. மாதம் ஒருமுறை வந்து, மிஷினில் ஏறி நின்று, எடையும் ரத்த அளவும் அட்டையில் ஏற வேண்டும். வரிசை நீளமாக இருக்கும். இரண்டு மணி நேரம் ஆகும்.

“அண்ணி, நீங்க எதுக்கு வந்து அந்தக் கூட்டத்துல நிக்கணும்? நான் தினமும் உங்களப் பாக்கறேன்ல. அட்டையைக் குடுங்க, நானே எழுதிடறேன்.”

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். சார்ட்டில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ ஏற வேண்டும் என்றிருந்தது. அப்படியே ஏற்றினாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழரை, நாற்பத்தொன்பது, ஐம்பதரை. ரத்த அளவு, பதினொன்று. எழுதிவிட்டு மேலதிகாரி பார்க்கிற இடத்தில் தன் முதலெழுத்தையும் போட்டாள். தப்பு செய்கிறோம் என்றே தோன்றவில்லை. தன் வீட்டில் கோளாறு இருக்க முடியும் என்ற நினைப்பு அவள் புத்தியில் எந்த மூலையிலும் இல்லை.

“மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது,” என்று ஒருநாள் அண்ணி சொன்னாள்.

“வயிறு பெருசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்.”

“கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வருது.”

“தண்ணி நிறையக் குடிங்க அண்ணி,” என்றபடி அவள் செருப்பை மாட்டினாள். கஞ்சி வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

---

ஏழாம் மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, வியாழக்கிழமை காலை, கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி தொட்டியடியிலேயே விழுந்தாள். தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்த அம்மாதான் முதலில் அலறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அண்ணியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். விரலில் ஊசி குத்தி ரத்த அளவு எடுக்கச் சொன்னாள். மஞ்சள் அட்டையைப் புரட்டினாள். பிறகு ஸ்ட்ரெச்சரை எடை மேடைமேல் தள்ளச் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் எடையைக் கழித்துவிட்டு நர்ஸ் சொன்ன எண், நாற்பத்திரண்டு.

“இந்த அட்டைய எழுதினது யாரு?”

அண்ணன் பெருமை மாறாத முகத்தோடு தங்கையைக் காட்டினான். “இவதாங்க டாக்டர். இதே டிபார்ட்மெண்ட்தான்.”

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். “ஐம்பதரைன்னு போட்டிருக்கே. எந்த மிஷின்ல பாத்தது?”

“வீட்டுல.”

“வீட்டுல மிஷின் இருக்கா?”

“இல்ல டாக்டர்.”

“ரத்தம் பதினொண்ணுன்னு இருக்கு. ஊசி போட்டு எடுத்தியா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். டாக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை. “இவங்க உடம்புல இருக்கற ரத்தம் ஆறு. படிக்காதவங்க கார்டையே கொண்டு வரமாட்டாங்க. நாங்க சந்தேகப்பட்டு டெஸ்ட் எடுத்துக் காப்பாத்திடுவோம். நீ படிச்சவ. அழகா எழுதிக் குடுத்துட்டே.”

மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண். ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அண்ணனின் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும், ஆனால் அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை.

---

மறுநாள் காலை கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை. அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கஞ்சி மேடம் முதல்முறையாகத் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஊறவைத்த தானியம் எதுவும் இல்லாததால் பார்லியையும் கோதுமையையும் குக்கரில் வேகவைக்க நினைத்தாள்.

“எவ்வளவும்மா போடணும்?”

“அந்தப் பால் பவுடர் டப்பாவுல ரெண்டு,” என்று கூடத்திலிருந்து அம்மா சொன்னாள். “உன் அண்ணிக்கும் அதான் சொல்லிக் குடுத்தேன்.”

இரண்டு டப்பா. அவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் இதே டப்பாதான், இதே இரண்டுதான். அப்போது வீட்டில் நாலு பேர்.

“அண்ணி வந்தப்புறம் எவ்வளவும்மா?”

“அதே ரெண்டுதான். ஒரு ஆளு கூடுதேன்னு ரெண்டு டம்ளர் தண்ணி சேத்து ஊத்தச் சொன்னேன். இது என்ன பெரிய கணக்கா?”

அவள் அப்படியே செய்தாள். இரண்டு டப்பா தானியம், கூட இரண்டு டம்ளர் தண்ணீர். வெந்ததைப் பானைக்கு மாற்றி, மூடி, பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டியை நட்டாள். கரண்டி சாய்ந்து பானையின் விளிம்பில் ‘ணங்’ என்று மோதியது.

தன் பாடத்தை ஒன்று விடாமல் கடைப்பிடித்தாள். அடிவரை கரண்டியை விட்டு வாரி அப்பாவுக்கு ஊற்றினாள். அண்ணனுக்கு, அம்மாவுக்கு. தான் வழக்கமாகச் சாப்பிடும் கிண்ணத்தையும் நிரப்பி மேஜையில் தன் இடத்தில் வைத்தாள். பிறகு அண்ணியின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பானைக்குள் பார்த்தாள்.

வெள்ளையாய்க் கலங்கிய தண்ணீர். அடியில் ஏழெட்டுக் கோதுமை மணி. அவ்வளவுதான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். சட்டியில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வரை, அண்ணி மேலாக மொண்டு மற்றவர்களுக்கு ஊற்றியபோது, தானியத்தில் பாதி அடியில் தங்கியிருந்தது. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு, யாரும் நினைத்துக் கொடுக்காமலே, அது கிடைத்துக்கொண்டிருந்தது. படித்த ஒருத்தி வந்து கரண்டியைப் பிடுங்கி, அதையும் வாரிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

பானையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் வைத்தாள்.

“இதப் பாருங்க. ரெண்டு வருஷமா அண்ணி சாப்பிட்டது இது.”

அப்பா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். அண்ணன், “அவ மத்தியானம் நல்லாச் சாப்பிடுவான்னு நினைச்சேன்,” என்றான். சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. “என்னைக் கேள்வி கேக்கறியா? உன் அண்ணனப் பெத்தப்பவும் உன்னைப் பெத்தப்பவும் நான் இதத்தான் குடிச்சேன். எவ வந்து பானையத் தூக்கிக் காட்டினா? மருமக வந்தப்புறம்தான்டி நான் சூடா ஒரு கிண்ணம் உக்காந்து குடிச்சேன்.”

சொல்லிவிட்டுத் தன் கிண்ணத்தையே பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது. அதற்குமேல் அவளால் குடிக்க முடியவில்லை. கொட்டவும் மனசு வரவில்லை.

---

அன்றே தனியாக ஒரு கிண்ணம் கெட்டியாகக் காய்ச்சிப் பாலூற்றி, துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அண்ணி கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற கையால் வாங்கி, மெதுவாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். கரண்டியை நக்கினாள்.

“நம்ம வீட்டுக் கஞ்சி இவ்வளவு கெட்டியாவா இருக்கும்?” என்றாள்.

கஞ்சி மேடம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் அண்ணி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுதுன்னு சொன்னேன்.” குறை சொல்கிற குரலே இல்லை அது. “நீ அட்டையில எடை ஏறுதுன்னு எழுதினே. நீ படிச்சவ, தப்பா எழுதுவியா? அப்போ நான்தான் சும்மா சோம்பேறித்தனத்துல களைப்புன்னு நினைச்சுக்கறேன் போலன்னு இருந்துட்டேன். என் உடம்பு சொன்னத நான் நம்பல. நீ எழுதினத நம்பினேன்.”

அவள் காலிக் கிண்ணத்தை மறுபடி துணியில் சுற்றினாள்.

“பாப்பாவப் பாத்தியா?” என்று அண்ணி கேட்டாள். “என்னை எழுந்திருக்க விடமாட்டேங்கறாங்க. யார் மாதிரி இருக்கா?”

“உங்கள மாதிரிதான் அண்ணி.”

“அய்யோ, வேணாம்,” என்று அண்ணி லேசாகச் சிரித்தாள். “உன்ன மாதிரி இருக்கட்டும். வாயாடியா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை மூச்சை நிறுத்திக்கொண்டது. அழவே தெரியாமல் வந்துவிட்டு அழாமலே போயிற்று. அண்ணியை அன்றைக்குத்தான் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தையிடம் அழைத்துப் போனார்கள். அவள் கண்ணாடிமேல் கையை வைத்து வெகுநேரம் இருந்தாள். துணியில் சுற்றிய அந்தச் சின்னக் கனத்தை வாங்கிக்கொண்ட அண்ணன், மூட்டை மூட்டையாகத் தூக்கிப் பழகியவன், நடக்கத் தெரியாதவன் மாதிரி நின்றான்.

திங்கட்கிழமை கஞ்சி மேடம் மேலதிகாரியிடம் போய் மஞ்சள் அட்டையை மேஜையில் வைத்தாள். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“உங்க வீட்டு விஷயம்தானேம்மா. இத எதுக்கு எழுத்துல குடுத்துக்கிட்டு? நமக்குள்ளயே இருக்கட்டும், விட்டுடலாம்.”

“என் வீட்டு விஷயம்னு விட்டதாலதான் சார் இது நடந்துச்சு. மேல அனுப்புங்க.”

வேலை இருக்குமா போகுமா என்று தெரிய ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

---

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு ஸ்டவ் எரிந்தது. அவள் அன்றைக்கு வெள்ளைக் கோட்டு போடவில்லை. சார்ட்டை மாட்டவில்லை. கஞ்சி ஏற்கெனவே வெந்து மூடியிருந்தது.

“செய்முறை உங்க எல்லாருக்கும் தெரியும்,” என்றாள். “என்னைவிட நல்லாத் தெரியும். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். நேத்து உங்க வீட்டுல கடைசியாச் சாப்பிட்டது யாரு? நீங்கன்னா கையத் தூக்குங்க.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பெஞ்சில், தரையில், ஜன்னல் மேடையில், அத்தனை கைகளும் எழுந்தன. வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மாவும் கையைத் தூக்கியிருந்தாள்.

அவள் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். டப்பாவை, தண்ணீரை, தான் பிடுங்கிய கரண்டியை, மேஜையில் உட்கார்ந்து எழுதிய எடையை, கண்ணாடிப் பெட்டியை. ஒன்றையும் மறைக்கவில்லை. தன்னை நல்லவளாகக் காட்ட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

“வாய் இல்லையான்னு உங்களக் கேட்டேன்,” என்று இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாள். “என் அண்ணிக்கு வாய் இருந்துச்சு. எங்க வீட்டுல யாருக்கும் காது இல்ல. ஒரு வீட்டுல நல்லாச் சாப்பிடறாங்களான்னு தெரிஞ்சுக்க முதல் கிண்ணத்தப் பாத்தாப் பத்தாது. கடைசிக் கிண்ணத்தப் பாக்கணும். புதுசா ஒரு உசுரு வீட்டுக்குள்ள வந்தா தானியத்தக் கூட்டணும். தண்ணியக் கூட்டினா, அந்த உசுரக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம். இத நீங்க மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போய் என்ன பண்றது? அடுத்த வாரம் உங்க வீட்டுக்காரர், மாமியார், யாரு முதல்ல சாப்பிடறாங்களோ அவங்களக் கூட்டிட்டு வாங்க. பானைய அவங்களுக்குக் காட்டறேன்.”

பிறகு இஸ்திரிக்காரம்மா, எப்போதும் போல இல்லாமல், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“உங்க அண்ணி இப்ப எப்படி இருக்காங்க மேடம்?”

“வீட்டுக்கு வந்துட்டாங்க. இன்னைக்குக் காலையில என் அம்மா மூணு டப்பா போட்டுக் காய்ச்சினாங்க. முதல் கிண்ணத்த அண்ணிகிட்டக் கொண்டு போய்க் குடுத்தாங்க.”

“சாப்பிட்டாங்களா?”

“இல்ல. பசிக்கலன்னுட்டாங்க.”

அவள் பானையைத் திறந்தாள். கரண்டியை நட்டாள். சாயாமல் நின்றது. முதல் கிண்ணத்தை நிறைத்து, கூட்டத்தைத் தாண்டிப் போய், ஜன்னல் மேடையில் இருந்த இஸ்திரிக்காரம்மாவின் கையில் கொடுத்தாள்.

“சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க. பாத்திரத்த நான் கழுவறேன்.”